இடம் மாறிய உண்மை: ‘வாட்ச்மென்’ முதல் எபிசோடும் அதன் பார்வையாளர்களும்

2019 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் ஹெச்பிஓ தொலைக்காட்சி ‘வாட்ச்மென்’ தொடரின் முதல் எபிசோடை ஒளிபரப்பியது. 1986-87இல் ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த காமிக்ஸின் உலகத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கதை நடந்த 1985க்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே என்ன ஆகியிருக்கும் என்று சொல்லும் தொடர் அது. முகமூடிகளையும் ரகசிய அடையாளங்களையும் எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது வேறு. 1921, ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம். ஒரு திரையரங்கில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் தனியாக மௌனப்படம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் தாய் படத்துக்கு இசை வாசித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே துப்பாக்கிச் சத்தம். தெருவில் வெள்ளையர் கூட்டம் கடைகளைச் சூறையாடுகிறது, ஓடுகிறவர்களைச் சுடுகிறது, தலைக்கு மேலே விமானம் வட்டமிடுகிறது. பெற்றோர் மகனை ஒரு வண்டியில் பெட்டிக்குள் ஒளித்து அனுப்பிவைக்கிறார்கள். தங்களுக்கு அதில் இடமில்லை. இதற்குப் பிறகுதான் கதை 2019க்கு வருகிறது. அன்றிரவும் அடுத்த நாட்களிலும் எபிசோடைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசினார்கள். ஆனால் எல்லாப் பேச்சுக்கும் நடுவே திரும்பத் திரும்ப எழுந்தது பாராட்டோ வசையோ அல்ல, ஒரு கேள்வி: இது உண்மையிலேயே நடந்ததா?

ஒரு தொடரின் முதல் எபிசோடுக்கு வரும் எதிர்வினைகளைத் தொலைக்காட்சி நிறுவனங்களும் பத்திரிகைகளும் தீர்ப்பாகவே படிக்கின்றன. பிடித்ததா, பிடிக்கவில்லையா, அடுத்த வாரமும் பார்ப்பார்களா என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இப்படிப் படிப்பது தவறு என்பதற்கு ‘வாட்ச்மென்’ போல் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒன்பது எபிசோடு ஓடும் கதையில் முதல் ஒன்றை மட்டும் பார்த்தவர் படைப்பைப் பற்றிச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. ஆனால் தன்னைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறார். எதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறார், எதைக் கற்பனை என்று தள்ளுகிறார், எந்த முகத்தைக் கண்டதும் நம்புகிறார், எந்தப் பாத்திரத்தைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுகிறார் என்பதெல்லாம் முதல் மணி நேரத்திலேயே வெளியே வந்துவிடும். பிந்தைய எபிசோடுகள் அவரைத் திருத்திவிடும் என்பதால், திருத்தப்படாத நிலையை அறிய அந்த ஒரு வாரம்தான் இருக்கிறது. முதல் எபிசோடின் எதிர்வினையைப் படைப்பின் மதிப்பீடாக அல்ல, சமூகம் தன் வரலாற்றில் எதைக் கையில் வைத்திருக்கிறது, எதைத் தொலைத்திருக்கிறது என்பதற்கான சாட்சியமாகப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கேள்விக்குரிய பதிலைச் சொல்லிவிடலாம். நடந்தது. டல்சாவின் கிரீன்வுட் பகுதி அன்று அமெரிக்காவின் செழிப்பான கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. சொந்தமாக விடுதிகள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், செய்தித்தாள்கள், ஜான் வில்லியம்ஸ், லூலா வில்லியம்ஸ் தம்பதியின் ட்ரீம்லேண்ட் திரையரங்கு என்று எல்லாம் இருந்த இடம். 1921 மே 30 அன்று டிக் ரோலண்ட் என்ற கறுப்பின இளைஞர் ஒரு லிஃப்டில் வெள்ளையினப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் கிளம்பியது. மறுநாள் ‘டல்சா ட்ரிப்யூன்’ அதைத் தூண்டிவிடும் விதமாக வெளியிட்டது. மாலையில் நீதிமன்றத்தின் முன் வெள்ளையர் கூட்டம் சேர்ந்தது. ரோலண்டை அடித்துக் கொன்றுவிடுவார்களோ என்று அஞ்சி, முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர்கள் உள்ளிட்ட கறுப்பின ஆண்கள் ஆயுதங்களுடன் காவலுக்கு வந்தார்கள். ஒரு துப்பாக்கி வெடித்தது. அன்றிரவும் ஜூன் 1 பகலிலும் கிரீன்வுட்டின் 35 தெருத்தொகுதிகள் எரிந்து சாம்பலாயின. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி எரிந்த வீடுகள் 1,256. கொலையுண்டவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது பின்னாளைய வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. காவல்துறையே கூட்டத்தில் பலரைத் துணைக்காவலராக்கி அனுப்பியது. உயிர் தப்பியவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் ஆயுதக் காவலில் அடைத்து வைக்கப்பட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் ‘கலவரம்’ என்ற விதிவிலக்கைக் காட்டி இழப்பீடு தர மறுத்தன. கொலைகளுக்காகவோ தீவைப்புக்காகவோ ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ரோலண்ட் மீதான வழக்கும் சில மாதங்களில் தள்ளுபடியானது.

இவ்வளவும் நடந்த ஒரு நாட்டில், அதன் மக்களில் பலர் இதை ஒரு சூப்பர் ஹீரோ தொடரின் கற்பனை என்று நினைத்தார்கள். இதற்கு ஒரு சமாதானம் உடனே கிடைக்கும்: தவறு பார்வையாளர்களுடையது அல்ல, கதைவகையுடையது. ‘வாட்ச்மென்’ மாற்று வரலாற்றில் நடப்பது. மூலக் காமிக்ஸில் வியட்நாம் போரை அமெரிக்கா வெல்கிறது, 1985லும் நிக்சனே அதிபர், நியூயார்க்கின் மேல் ஒரு ராட்சதக் கணவாய் விழுந்து லட்சக்கணக்கானோர் சாகிறார்கள். தொலைக்காட்சித் தொடரில் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு பல்லாண்டுகளாக அதிபர். வானத்திலிருந்து குட்டிக் கணவாய்கள் மழையாகக் கொட்டுகின்றன. அபாயச் சங்கு ஊதியதும் மக்கள் வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் காத்திருந்து, பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இப்படிப்பட்ட உலகத்தில் விமானத்திலிருந்து தீ வைக்கப்படும் ஒரு நகரத்தைக் காட்டினால் அதையும் இட்டுக்கட்டியது என்று கருதுவது இயல்புதானே? இந்தச் சமாதானத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. வியட்நாம் போர் உண்மை, வெற்றி கற்பனை என்று பிரித்தறிய எந்தப் பார்வையாளரும் தேடுபொறியிடம் போகவில்லை. நிக்சன் இருந்தார், இத்தனை காலம் ஆளவில்லை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாற்று வரலாறு என்ற வடிவம் இயங்குவதே, பார்ப்பவரிடம் உண்மை வரலாறு ஏற்கெனவே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். எங்கே விலகுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அதன் சுவை. பார்வையாளர்கள் எல்லா இடங்களிலும் சரியாகப் பிரித்தார்கள், டல்சாவைத் தவிர. அங்கே மட்டும் கையில் ஒப்பிட எதுவும் இல்லை. கதைவகை அந்த அறியாமையை உண்டாக்கவில்லை, அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது. இதையே ஒரு ஆவணப்படம் சொல்லியிருந்தால் பார்த்தவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். தனக்குத் தெரியாது என்பது அவருக்கே உறைத்திருக்காது.

அந்த வெற்றிடம் தானாக உண்டானதல்ல. ட்ரிப்யூனின் மே 31 இதழ் நுண்படமாக்கப்பட்டபோது, கலவரத்தைத் தூண்டியதாகச் சொல்லப்படும் முதற்பக்கச் செய்தி ஏற்கெனவே கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. உள்ளூர் கிராண்ட் ஜூரி பழியைக் கறுப்பின மக்கள் மீதே சுமத்தியது. ஐம்பதாம் ஆண்டான 1971இல் எட் வீலர் என்பவர் சாட்சிகளைச் சந்தித்து எழுதிய கட்டுரையை நகர வர்த்தக சபையின் இதழ் வெளியிட மறுத்தது. டான் ராஸ் ஆசிரியராக இருந்த ‘இம்பாக்ட்’ என்ற கறுப்பின இதழில்தான் அது வெளிவந்தது. அதே டான் ராஸ் பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி எடுத்த முயற்சியால் 1997இல் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 2001இல்தான் வந்தது. நிகழ்வுக்கும் மாநில அரசு அதைத் தன் பெயரில் ஆராய்ந்து எழுதியதற்கும் இடையே எண்பது ஆண்டுகள். தொடரை உருவாக்கிய டேமன் லின்டெலாஃப் தாமே டா-நெஹிசி கோட்ஸ் 2014இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் இழப்பீடு பற்றி எழுதிய நீண்ட கட்டுரை வழியாகத்தான் டல்சாவை அறிந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2019 அக்டோபரில் பார்வையாளர்கள் கேட்ட கேள்வியை, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கதையை எழுதியவரும் கேட்டிருக்கக்கூடும் என்பதே பொருள்.

ஆனால் இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வாரத்தில் ‘இதை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை’ என்ற ஆதங்கம் பரவலாக ஒலித்தது. அது உண்மையான வேதனை, சந்தேகமில்லை. அதே சமயம் அதற்குள் ஒரு அநீதியும் இருக்கிறது. சொன்னவர்கள் இருந்தார்கள். மேரி ஜோன்ஸ் பாரிஷ் குண்டுகளுக்கு நடுவே மகளுடன் தப்பி ஓடியவர். நெருப்பு அணைந்த சில காலத்திலேயே தன் அனுபவத்தையும் பிறர் சாட்சியங்களையும் தொகுத்து நூலாக அச்சிட்டார். வழக்கறிஞர் பி.சி. ஃபிராங்க்ளின் எரிந்துபோன அலுவலகத்துக்குப் பதிலாகக் கூடாரத்தில் அமர்ந்து, கிரீன்வுட் மக்கள் மீண்டும் வீடு கட்டுவதைத் தடுக்க நகரசபை கொண்டுவந்த விதியை எதிர்த்து வழக்காடினார். 1931இல் அவர் எழுதிவைத்த பத்துப் பக்க நேரடிச் சாட்சியம், விமானங்கள் வட்டமிட்டதை அவர் கண்டது உட்பட, 2015இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்காட் எல்ஸ்வொர்த்தின் ஆய்வுநூல் 1982இலேயே வெளியானது. ஆகவே சொல்லப்படவில்லை என்பதைவிட, சொன்னவர்களின் குரல் எட்டவேண்டிய இடங்களுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது என்பதே சரி. கேட்டவர்கள் யார், கேட்காதவர்கள் யார் என்ற கோடும் பெரும்பாலும் நிறத்தின் வழியேதான் போனது. கறுப்பினக் குடும்பங்களிலும் இதைப் பிள்ளைகளிடம் பேசாதவர்கள் உண்டு. அது அச்சத்தால் விளைந்த மௌனம், மறுபக்கத்து மௌனத்தோடு அதை ஒன்றாக எண்ணக்கூடாது. முதல் எபிசோடு கேள்வி கேட்க வைத்தது என்று தொடரைக் கொண்டாடுகிறவர்கள், முதலில் சொன்னது தொடர்தான் என்ற எண்ணம் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து மதிப்பெண் விவகாரம். முதல் எபிசோடு வெளியானதும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் ஏறக்குறைய ஒருமித்துப் பாராட்ட, பார்வையாளர் மதிப்பெண் அதற்கு வெகு கீழே கிடந்தது. மக்களுக்குப் பிடிக்கவில்லை, விமர்சகர்கள்தான் அரசியல் காரணங்களுக்காகத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று ஒரு தரப்பும், இது திட்டமிட்ட மதிப்பெண் தாக்குதல், பொருட்படுத்தவே தேவையில்லை என்று மறுதரப்பும் வாதிட்டன. இரண்டுமே அந்த எண்ணை அவசரமாகக் கையாள்கின்றன. அந்தத் தளம் 2019 மே மாதத்தில்தான் திரைப்படங்களுக்குச் சீட்டு வாங்கியதைச் சரிபார்த்து மதிப்பெண் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. தொலைக்காட்சித் தொடருக்குச் சீட்டும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை. முதல் இரவில் எல்லா வழிகளிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம் பேர் எபிசோடைப் பார்த்ததாக ஹெச்பிஓ அறிவித்தது. மதிப்பெண் இட்டவர்கள் அதில் மிகச் சிறு பகுதி. அவர்களில் எத்தனை பேர் பார்த்துவிட்டு இட்டார்கள் என்பதற்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. எனவே மக்கள் தீர்ப்பு என்ற பட்டம் அதற்குப் பொருந்தாது. ஆனால் பொருட்படுத்த வேண்டாம் என்பதும் சரியல்ல. ஒரு குறிப்பிட்ட கூட்டம் எதைக் கண்டு கொதித்தது என்பதைச் சொல்லும் அளவுக்கு அந்தக் கோபம் மதிப்புள்ள ஆவணம்.

கொதிப்பின் மையம் ரோர்ஷாக். காமிக்ஸின் மிகப் புகழ்பெற்ற பாத்திரம்; கறையைப் போல உருமாறிக்கொண்டே இருக்கும் வெள்ளை முகமூடி அணிந்து, சமரசமே செய்யாமல், உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று சாகிறவன். தொடரில் அந்த முகமூடியை ‘செவன்த் கேவல்ரி’ என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் அணிந்துகொண்டு வருகிறது. அவனுடைய நாட்குறிப்பையே வேதமாக ஓதுகிறது. எங்கள் நாயகனைக் களங்கப்படுத்திவிட்டார்கள், கதையில் இல்லாத அரசியலைத் திணித்துவிட்டார்கள் என்று ரசிகர்களில் ஒரு பிரிவினர் குமுறினார்கள். மூலத்தை எடுத்துப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ரோர்ஷாக் அங்கேயே தீவிர வலதுசாரிப் பத்திரிகையின் வாசகன். சாகுமுன் தன் நாட்குறிப்பை அந்தப் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறான். காமிக்ஸின் கடைசிப் பக்கம் அந்த நாட்குறிப்பு அச்சேறிவிடுமோ என்ற இடத்தில்தான் முடிகிறது. அச்சேறினால் யார் அதைக் கையில் எடுப்பார்கள் என்ற கேள்விக்குத் தொடர் ஒரு பதிலைத் தருகிறது, அவ்வளவுதான். இப்படி ஒருவன் நிஜ உலகில் இருந்தால் எவ்வளவு ஆபத்தானவன் என்று காட்டவே அவனைப் படைத்ததாகவும், வாசகர்கள் அவனைப் போற்றத் தொடங்கியது தனக்கு அதிர்ச்சி என்றும் மூர் பலமுறை கூறியிருக்கிறார். ஆக, முதல் எபிசோடு மீதான கோபம் முப்பதாண்டுக்கும் மேலான ஒரு தவறான வாசிப்பை வெளியே கொண்டுவந்தது. பாத்திரத்தின் உறுதியை நேசித்தவர்கள், அந்த உறுதி எதற்குப் பணி செய்கிறது என்று பார்க்கத் தவறியிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் தவறு செய்கிறார்கள். தனிமையும் நேர்மையும் உள்ள ஒருவனை இளம் வயதில் கண்டு ஒட்டிக்கொண்டவர்களே பலர். அதனால்தான் அந்த முகமூடியைக் கும்பலின் தலையில் பார்த்தபோது அவ்வளவு வலித்தது.

எதிர்முனையிலிருந்தும் ஒரு எதிர்ப்பு வந்தது. அது இன்னும் யோசிக்க வைப்பது. ரெஜினா கிங் ஏற்றிருக்கும் ஏஞ்சலா ஏபர் என்ற பாத்திரம் கறுப்பினப் பெண், முகமூடி அணிந்த காவல்துறைத் துப்பறிவாளர். விசாரணை என்ற பெயரில் ஒருவனை அடித்து ரத்தம் கதவடியில் வழிய வைக்கிறார். காவல்துறையினர் வேட்டையாடப்படுகிறவர்கள், துப்பாக்கியை எடுக்கக்கூட மேலிட அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியவர்கள். டான் ஜான்சன் நடித்த காவல்துறைத் தலைவர் ஜட் கிராஃபோர்டு அன்பானவர், பாடுகிறவர், எல்லோருக்கும் பிடித்தவர். எபிசோடின் முடிவில் அவர் மரத்தில் தூக்கிலிடப்பட்டுத் தொங்க, கீழே சக்கர நாற்காலியில் ஒரு கறுப்பின முதியவர் உட்கார்ந்திருக்கிறார். காவல்துறை வன்முறைக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் குரல் எழுந்துகொண்டிருக்கும் நாட்டில், காவலர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவும் சித்திரவதையைச் சாகசமாகவும் காட்டலாமா என்று கேட்டார்கள். அடுத்த எபிசோடிலேயே ஜட்டின் அலமாரிக்குள் கூ கிளக்ஸ் கிளான் அங்கி கிடைக்கிறது. ஆறாவது எபிசோடில் காவல்துறைக்குள் இருக்கும் இனவெறியின் வரலாறு முழுதாக விரிகிறது. அதனால் கேட்டவர்கள் அவசரப்பட்டார்கள் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் எபிசோடு அந்தச் சங்கடத்தை வேண்டுமென்றே உருவாக்குகிறது, அதற்கான விடையையும் தன் முதல் நிமிடங்களிலேயே வைத்திருக்கிறது. சிறுவன் பார்க்கும் மௌனப்படத்தில் வருபவர் பாஸ் ரீவ்ஸ். 1838இல் அடிமையாகப் பிறந்து 1875இல் கூட்டரசின் துணை மார்ஷலான உண்மை மனிதர். அந்தப் படத்தில் அவர் கயிறு வீசிப் பிடிப்பது வெள்ளையினக் காவல்தலைவனை. மக்களின் கால்நடைகளைத் திருடியவன் அவனே. ஊர்மக்கள் அவனை அங்கேயே தூக்கிலிடக் கேட்க, சட்டத்தை நம்புங்கள் என்று ரீவ்ஸ் மறுக்கிறார். சில கணங்களில் சட்டத்தின் ஆட்களே வெளியே கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். எபிசோடின் தலையில் குற்றவாளியான காவல்தலைவன், வாலில் தூக்கில் தொங்கும் காவல்தலைவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் வெகு சிலர். பெரும்பாலோர் ஜட்டை நம்பினார்கள், ஏனென்றால் அன்பாகச் சிரிக்கும் காவல்துறைத் தலைவரை நம்புவதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சி எழுபது ஆண்டுகளாகப் பழக்கியிருக்கிறது. நம்பாமல் முணுமுணுத்தவர்கள் கதையைத் தவறாகப் படித்தவர்களல்ல, கதைக்கு ஒரு வாரம் முன்னால் போனவர்கள்.

இனி, இந்த முழு வாதத்தின் மேலும் வைக்கக்கூடிய இரண்டு ஆட்சேபங்கள். சமூக ஊடகத்தில் பேசியவர்களை வைத்துச் சமூகத்தைப் பற்றி முடிவு சொல்லலாமா என்பது ஒன்று. எத்தனை விழுக்காட்டினர் அறியவில்லை என்று அந்தப் பதிவுகள் சொல்லாது. அதை நான் கேட்கவும் இல்லை. ஆனால் அறியாமை எந்த வடிவில் இருந்தது என்பதை அவை சொல்கின்றன. ‘இதைப் பற்றி மேலோட்டமாகத்தான் தெரியும்’ என்பதல்ல, ‘இப்படி ஒன்று நடந்திருக்கவே முடியாது என்று நினைத்தேன்’ என்பதே அந்தப் பதிவுகளின் தொனி. டல்சா படுகொலை பற்றிய தேடல்கள் அந்த வாரம் கூகுளில் திடீரென்று உயர்ந்ததும் இதோடு பொருந்துகிறது. ஒக்லஹோமாவின் பாடத்திட்ட நெறிகளில் 2002 முதலே நிகழ்வு இடம்பெற்றிருந்தும், எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்துவதற்கான பாட வரைவை 2020 பிப்ரவரியில்தான் மாநிலக் கல்வித்துறை அறிவிக்க வேண்டியிருந்தது. நிகழ்வு நடந்த மாநிலத்திலேயே இதுதான் நிலை. சமூக ஊடகத்தின் பேச்சு தனியே நின்றால் பலவீனமான சான்று. பாடத்திட்டத்தோடும் காணாமல்போன செய்தித்தாள் பக்கத்தோடும் சேர்த்து வைத்தால் அப்படியல்ல.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. உண்மையான மனிதர்களின் சாவை ஒரு பொழுதுபோக்குத் தொடரின் அதிரடித் தொடக்கமாக்குவது தகுமா? கறுப்பின உடல்களின் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்கிப் பணம் பண்ணும் வழக்கம் அமெரிக்கத் திரைக்குப் புதிதல்ல என்பதால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இயக்குநர் நிக்கோல் கசெல் அந்தக் காட்சிகளைப் பெரும்பாலும் சிறுவனின் உயரத்திலிருந்தும், வண்டிப் பெட்டியின் துளை வழியாகவும் காட்டுகிறார். கொடுமைகள் வந்து விலகிப்போகின்றன, கேமரா எதன்மீதும் நின்று தின்பதில்லை. காட்சிக் கட்டுப்பாடு மட்டும் போதுமான பதிலாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தீயில் உறவினரை இழந்த குடும்பத்தின் வாரிசு ஒருவர், முன்னறிவிப்பில்லாமல் அதைத் திரையில் கண்டு துடித்திருந்தால், அவரிடம் கேமரா கோணத்தைப் பற்றிப் பேச முடியாது. என் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு துயரத்தைச் சுரண்டும் கதை அதை உணர்ச்சிக்குப் பயன்படுத்திவிட்டு நகர்ந்துவிடும். இந்தத் தொடரில் பிறகு வரும் எல்லாமே அந்தக் காலையிலிருந்து முளைக்கிறது. பெட்டிக்குள் தப்பிய சிறுவனே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் முதியவர். அவரே இந்தக் கதையுலகின் முதல் முகமூடி நாயகன் என்பது ஆறாவது எபிசோடில் தெரியவருகிறது. சூப்பர் ஹீரோ எதற்காக முகத்தை மறைக்கிறான் என்ற பழைய கேள்விக்கு, வெள்ளையன் அல்ல என்பது தெரியாமல் இருப்பதற்காக என்று விடை சொன்ன முதல் பெரிய தொலைக்காட்சித் தொடராக நான் இதைக் கருதுகிறேன். டல்சாவை எடுத்துவிட்டால் இந்தக் கதையே இல்லை.

வாராவாரம் ஒரு எபிசோடு என்ற பழைய முறையும் இதற்கு உதவியது. அக்டோபர் 20க்கும் 27க்கும் இடையில் பார்வையாளருக்குச் செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. படித்தார், கேட்டார், வாதாடினார். ஒன்பதையும் ஒரே இரவில் கொட்டியிருந்தால், கணவாய் மழையும், நடிகர் ஜெரமி அயர்ன்ஸின் பாத்திரம் வாழும் விசித்திர மாளிகையும் டல்சாவை மூடிவிட்டிருக்கும்.

அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போனது? 2020 ஜூனில், அடிமைமுறை ஒழிப்பைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளான 19ஆம் தேதி டல்சாவில் பிரசாரக் கூட்டம் நடத்த அன்றைய அதிபர் டிரம்ப் அறிவித்தபோது, அந்த நாளும் அந்த ஊரும் சேர்ந்தால் என்ன பொருள் என்பது நாடு முழுவதும் விவாதமானது. கூட்டம் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. அதே வாரயிறுதியில் ஹெச்பிஓ தொடரை இலவசமாகப் பார்க்கத் திறந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடர் 11 எம்மி விருதுகளை வென்றபோது லின்டெலாஃப் டல்சாவில் மாண்டவர்களையும் தப்பியவர்களையும் ஏற்புரையில் நினைவுகூர்ந்தார். 2021 ஜூன் 1 அன்று, நூறாண்டு நிறைவில், பைடன் கிரீன்வுட்டுக்குச் சென்றார். பதவியில் இருக்கும்போதே படுகொலையை நினைவுகூர அங்கே போன முதல் அதிபர் அவர். இவற்றையெல்லாம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கணக்கில் எழுதுவது பெரும் பிழை. ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதற்குப் பின் தெருவில் இறங்கியவர்கள், பல பத்தாண்டுகளாகப் போராடிய டல்சாவின் வாரிசுகள், நூற்றாண்டு நிறைவின் நெருக்கம் ஆகியவை தொடரைவிடப் பெரிய காரணங்கள். தொடர் செய்தது ஒன்று: 2020 ஜூனில் டல்சா என்ற பெயர் செய்தியில் வந்தபோது, அதை முதல்முறையாகக் கேட்காதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

ஆனால் முதல் எபிசோடின் இன்னொரு காட்சிக்கு அந்த வாரத்தில் போதிய கவனம் கிடைக்கவில்லை. எனக்கு அதுவே மிக முக்கியமானது. ஏஞ்சலா ஒரு வகுப்பறையில் பேசிக்கொண்டிருக்கும்போது வெள்ளையினச் சிறுவன் ஒருவன், அவர் பேக்கரி தொடங்கும் பணம் ‘ரெட்ஃபோர்டேஷன்’ வழியாக வந்ததா என்று கேட்கிறான். இனவன்முறையால் பாதிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு ரெட்ஃபோர்டு அரசு தரும் இழப்பீட்டுக்கு அந்த உலகத்து மக்கள் வைத்திருக்கும் ஏளனப் பெயர் அது. படுகொலை, இழப்பீடு இரண்டும் ஒரே எபிசோடில் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டையும் கற்பனை என்று நினைத்தவர்கள் ஒன்றில் மட்டுமே தவறினார்கள். குற்றம் நடந்தது, பரிகாரம்தான் எழுத்தாளர்கள் கற்பித்தது. 2001ஆம் ஆண்டின் ஆணைய அறிக்கை நேரடி இழப்பீட்டைப் பரிந்துரைத்திருந்தும் சட்டமன்றம் அதைத் தரவில்லை. தப்பியவர்களில் அன்று உயிரோடிருந்த மூவர், வயோலா ஃபிளெட்சர், லெஸ்ஸி பென்னிங்ஃபீல்டு ராண்டில், ஹியூஸ் வான் எலிஸ், 2021 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். மூவருக்கும் வயது நூறைத் தொட்டோ தாண்டியோ இருந்தது. வான் எலிஸ் 2023 அக்டோபரில் இறந்தார். இழப்பீடு கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கை ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தள்ளுபடி செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை தன் ஆய்வறிக்கையில், நடந்தது தன்னிச்சையான கலவரம் அல்ல, ஒருங்கிணைக்கப்பட்ட ராணுவ பாணித் தாக்குதல் என்று எழுதியது. குற்றவாளிகள் யாரும் உயிரோடில்லை, காலவரம்பும் கடந்துவிட்டது, எனவே வழக்குத் தொடர வழியில்லை என்றும் எழுதியது. ‘இது உண்மையிலேயே நடந்ததா’ என்று கேட்ட பார்வையாளர்களுக்குக் கூட்டரசின் முத்திரையோடு முழு விடை கிடைத்தது அப்போதுதான். ரெட்ஃபோர்டேஷன் உண்மையில் உண்டா என்ற மற்றக் கேள்வியைக் கேட்டவர்கள் முதல் வாரத்தில் மிகக் குறைவு. அதைக் கேட்கத் தோன்றாததும் 2019இன் அந்தப் பார்வையாளர்களைப் பற்றிய சாட்சியத்தில் சேர்ந்ததுதான்.